பட்டை எப்படி அசைகிறது என்று பாருங்கள்

கேள்வி: ஜப்பானில் விற்ற செகா மெகா டிரைவ் விளையாட்டுக் கன்சோல், முதல் மாடல், என்னிடம் இருக்கிறது. சிங்கப்பூரின் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017ல் மூடப்படுவதற்கு முன் அங்கே வாங்கியது. படம் மங்கலாக வரும், பத்து நிமிடத்தில் சூடேறி நின்றுவிடும். போன மாதம் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள் எல்லாவற்றையும் மாற்றினேன். சூட்டைக் குறைக்க, மின்னழுத்தத்தை 5 வோல்ட்டாக இறக்கும் 7805 ரெகுலேட்டர்கள் இரண்டையும் கழற்றிவிட்டு, அதே அளவில் கிடைக்கும் சுவிட்சிங் மாட்யூல்களை வைத்தேன். இப்போது நிற்காமல் ஓடுகிறது. ஆனால் வானம் போன்ற வெளிர்ந்த இடங்களில் மெல்லிய சாய்கோடுகள் ஓடுகின்றன. இருட்டுக் காட்சிகளில் படம் படபடவென்று துடிக்கிறது. அசையாத செங்குத்துக் கோடுகள் முன்பைவிடக் கூடுதலாகத் தெரிகின்றன. அருவிகளில் வானவில் நிறம் வருகிறது. பல சிஸ்டம் ஏற்கும் பழைய சிஆர்டி (குழாய்) டிவியில், நிறமும் வெளிச்சமும் ஒரே சிக்னலாகப் போகும் காம்போசிட் வயர் வழியாகப் பார்க்கிறேன். ஸ்டீரியோ ஒலிக்காக ஹெட்போன் துளையிலிருந்து ஆம்பிளிஃபயருக்கு ஒரு வயர் போகிறது. அடாப்டர் புதிது, 9 வோல்ட் 2 ஆம்பியர். படத்தை டிவிக்கான சிக்னலாக மாற்றும் வீடியோ என்கோடர் சில்லு ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன். அதை மாற்றிவிடலாமா? (ஈசூன் வாசகர்)

அன்புள்ள வாசகருக்கு, வணக்கம்.

என்கோடரை இப்போது தொடாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பது ஒரு கோளாறு அல்ல, நான்கு. நான்குக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. அதில் ஒன்று கோளாறே இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரே சில்லைக் குற்றம் சொல்லி மாற்றினால், நல்ல சில்லும் போகும், போர்டின் தடங்களும் பிய்யும், கோடுகள் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இந்த வேலையில் மல்டிமீட்டரைவிடக் கண்தான் முதல் கருவி. டிவி ஒரு படத்தை வினாடிக்குச் சுமார் 15,700 கிடைக்கோடுகளாக வரைகிறது. உங்கள் ஜப்பானிய மெகா டிரைவ் அப்படி 262 கோடுகளைச் சேர்த்து வினாடிக்கு 59.92 முறை திரையை நிரப்புகிறது. வெளியிலிருந்து நுழையும் எந்த இரைச்சலும் இந்த இரண்டு தாளங்களோடு மோதித்தான் கண்ணுக்குத் தெரியும். ஆகவே பட்டை அகலமா மெலிதா, கிடையா சாய்வா செங்குத்தா, ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்த்தாலே அது எந்த அதிர்வெண்ணில் பிறந்தது என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம். அதிர்வெண் தெரிந்தால் பிறந்த இடமும் தெரியும்.

முதலில் சாய்கோடுகள். இதற்கு நீங்கள் வைத்த மாட்யூல்கள்மீதுதான் என் சந்தேகம் முழுவதும். 7805 மிஞ்சும் மின்னழுத்தத்தைச் சூடாக மாற்றி எரித்துவிடும். அதற்கு உள்ளே துடிப்பு எதுவும் கிடையாது. சுவிட்சிங் மாட்யூல் மின்சாரத்தை வினாடிக்குப் பல லட்சம் முறை வெட்டி வெட்டித்தான் 5 வோல்ட் ஆக்குகிறது. ஒரு மாட்யூல் 330 கிலோஹெர்ட்ஸில் வெட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 15.7 ஆல் வகுத்தால் 21. அதாவது ஒவ்வொரு கிடைக்கோட்டிலும் 21 ஏற்ற இறக்கங்கள். அதில் விளையாட்டுப் படம் தெரியும் பகுதிக்குள் வருவது சுமார் 16. இந்த எண் முழு எண்ணாக அமையாதபோது, அடுத்தடுத்த கோட்டில் அலை கொஞ்சம் நகர்ந்து தொடங்கும். அந்த நகர்வுதான் சாய்வாகத் தெரிகிறது. காட்சி மாறும்போது கன்சோல் இழுக்கும் மின்னோட்டமும் மாறும். பல மாட்யூல்களில் சுமைக்கு ஏற்ப வெட்டும் வேகமும் மாறிவிடும். அதனால் சாய்வின் கோணமும் மாறும். விளையாட்டை நிறுத்திவைக்கும்போது கோடுகள் ஒரு கோணத்துக்கு வந்து நின்று, மறுபடி ஓடத் தொடங்கியதும் கோணம் மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் மாட்யூல்மீதான சந்தேகம் இன்னும் வலுக்கும்.

கோடுகளை எண்ணுங்கள். திரையின் அகலத்தில் 15, 20 என்று நெருக்கமாக இருந்தால் உள்ளே இருக்கும் மாட்யூல். மூன்று நான்கு அகலமான சாய்பட்டைகள் மட்டும் இருந்தால் அது சுவரில் செருகிய அடாப்டர். அடாப்டர்கள் பல 65 கிலோஹெர்ட்ஸ் அருகில் வேலை செய்கின்றன, 65ஐ 15.7 ஆல் வகுத்தால் நான்குதான் வரும். இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து 5 வோல்ட் வழியை அளந்து, பூஜ்யம் காட்டுகிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள். சாதாரண மல்டிமீட்டரின் ஏசி அளவீடு 50, 100 ஹெர்ட்ஸுக்குச் சரி. சில நூறு கிலோஹெர்ட்ஸ் அதன் கண்ணில் படவே படாது. அதே நேரம், கறுப்பிலிருந்து வெள்ளை வரை வீடியோ சிக்னலின் மொத்த உயரமே 0.7 வோல்ட். அதில் நூற்றில் ஒரு பங்கு, 7 மில்லிவோல்ட், ஓடும் கோடாகக் கலந்தாலே கண் பிடித்துவிடும். ஆசிலாஸ்கோப் இருந்தால் புரோபை பத்துக்கு ஒன்று நிலையில் வைத்து, நீளமான முதலைக் கவ்விக் கிரவுண்டைக் கழற்றிவிட்டு, புரோபின் நுனியோடு ஒட்டிவரும் சிறிய ஸ்பிரிங் கிரவுண்டைப் பயன்படுத்துங்கள். நீள வயரே ஆண்டெனாவாகி இல்லாத இரைச்சலைக் காட்டும். ஆசிலாஸ்கோப் இல்லையென்றால் சட்டைப்பை அளவு ஏஎம் ரேடியோ போதும். நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வைத்து மாட்யூலுக்கு ஒரு சாண் அருகில் கொண்டுபோங்கள். 330 கிலோஹெர்ட்ஸின் மடங்குகள் 660லும் 990லும் மீடியம் வேவில் வந்து விழும். ரேடியோ கீச்சிட்டு, கன்சோலை அணைத்ததும் அடங்கினால் ஆள் அகப்பட்டுவிட்டான்.

அடாப்டரையும் மாட்யூலையும் பிரித்தறிய, அடாப்டருக்குப் பதில் பேட்டரியில் கன்சோலை ஓட்டிப் பார்ப்பதைவிட நேரான சோதனை இல்லை. 1.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ஏஏ செல் எட்டை வரிசையாகக் கோர்த்தால் 9.6 வோல்ட். ஒரு ஆம்பியரை அது சிரமமின்றித் தரும். பேட்டரிப் பெட்டியிலிருந்து வரும் வயரில் 2 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றைக் கட்டாயம் போடுங்கள். இந்த செல்கள் குறுக்கே தொட்டுக்கொண்டால் வயர் உருகிவிடும். முதல் மாடலின் பிளக்கில் நடுமுனை மைனஸ், வெளிவளையம் பிளஸ். இரண்டாம் மாடலில் இது நேர் எதிர், பிளக்கும் வேறு. கன்சோலில் செருகும் முன் மீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள். ஒருமுறை மாறிப்போனால் மாட்யூலும் புதிதாகப் போட்ட கெப்பாசிட்டர்களும் ஒன்றாகப் போய்ச்சேரும்.

பேட்டரியில் அகலப் பட்டைகள் மறைந்து மெல்லிய சாய்கோடுகள் அப்படியே நின்றால், அகலமானது அடாப்டருடையது, மெல்லியது மாட்யூலுடையது. எல்லாமே மறைந்தால் மாட்யூல்கள் நிரபராதி. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அப்படி நடக்காது என்றே நினைக்கிறேன்.

என் ஆலோசனை: 7805க்கே திரும்புங்கள். ஜாலான் புசாரில் சிம் லிம் டவர் பக்கம் உதிரிபாகக் கடைகளில் ஒன்றிரண்டு வெள்ளிக்குக் கிடைக்கும். 1 ஆம்பியர் தாங்கும், உலோகத் தகட்டு முதுகுள்ள பெரிய வடிவத்தையே கேளுங்கள். எழுத்துள்ள முகம் உங்களைப் பார்க்கும்படி பிடித்தால் இடமிருந்து வலமாக உள்ளீடு, கிரவுண்ட், வெளியீடு. முதுகுத் தகடு கிரவுண்டோடு சேர்ந்தது, ஆகவே இரண்டையும் ஒரே ஹீட் சிங்கில் மைக்காத் தாள் இல்லாமலே முடுக்கலாம். ஆனால் வெப்பப் பசை கட்டாயம், அதுவும் தாள் கனத்துக்கு மெல்லிசாக. உங்கள் கன்சோல் பத்து நிமிடத்தில் நின்றதற்குக் காரணம் 7805 என்ற பொருளே அல்ல, முப்பது வருடத்தில் காய்ந்து பொடியாகிப்போன அந்தப் பசையாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

கணக்கைப் பாருங்கள். உள்ளே 9 வோல்ட் வந்து 5 வோல்ட்டாக வெளியேறி அரை ஆம்பியர் ஓடினால், மீதி 4 வோல்ட்டை அரையால் பெருக்க 2 வாட் சூடு. இந்த ரெகுலேட்டர் ஹீட் சிங்கோடு சரியாக ஒட்டாமல் நின்றால் ஒரு வாட்டுக்கு ஏறக்குறைய 65 டிகிரி ஏறும். 2 வாட்டுக்கு 130 டிகிரி, அதோடு குளிரூட்டி போடாத வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு அறையின் 31 டிகிரி. தன்னைக் காத்துக்கொள்ள அது அணைந்துவிடத்தான் செய்யும். பசை தடவி இறுக்கிய ஹீட் சிங்கில் அதே 2 வாட் ஒரு பொருட்டே இல்லை. கை வைத்தால் சுடும், அது இயல்பு. 12 வோல்ட் அடாப்டர் போட்டால் சூடு மூன்றரை வாட்டுக்குத் தாவும் என்பதால் 9க்கு மேல் போக வேண்டாம்.

பொருத்தியபின் இரண்டின் வெளியீட்டையும் தனித்தனியாக அளக்கவும். ஒன்று சரியாக இருக்கிறது என்பதால் மற்றதும் சரி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 4.8 முதல் 5.2 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. ரெகுலேட்டரின் கால்களுக்கு மிக அருகில் உள்ளீட்டில் 0.33 மைக்ரோஃபாரட், வெளியீட்டில் 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள். மாட்யூல் வைக்கும்போது இடைஞ்சலாக இருந்ததென்று அவற்றைக் கழற்றியிருந்தால் திரும்பப் போடுங்கள்.

மாட்யூல்களை விட மனமில்லை என்றால் ஒரு வழி உண்டு, ஆனால் கூடுதல் வேலை. வெளியீட்டில் 10 மைக்ரோஹென்றி காயில் ஒன்றை வரிசையில் கோர்த்து, அதற்குப் பின்னால் 100 மைக்ரோஃபாரட் குறைந்த ஈஎஸ்ஆர் (உள் மின்தடை) கெப்பாசிட்டரைக் கிரவுண்டுக்குப் போட வேண்டும். இந்தச் சேர்க்கை சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதை அடக்கத் தொடங்கும். 330 கிலோஹெர்ட்ஸ் வரும்போது நன்றாகவே நசுக்கிவிடும். காயில் ஒரு ஆம்பியருக்கு மேல் தாங்குவதாகவும், அதன் மின்தடை 0.1 ஓமுக்குக் கீழேயும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அரை ஆம்பியரில் 50 மில்லிவோல்ட் அதிலேயே போய்விடும். மாட்யூலின் உள்ளீட்டிலும் 10 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் செராமிக் ஒன்று வேண்டும். பலர் வெளியீட்டை மட்டும் வடிகட்டிவிட்டு, உள்ளீட்டு வழியாக இரைச்சல் போர்டு முழுக்கப் பரவுவதைக் கவனிப்பதில்லை.

உங்கள் 9 வோல்ட் அடாப்டரும் சுவிட்சிங் வகைதான். 7805 நூறு ஹெர்ட்ஸ் அலையை அருமையாக அடக்கும், ஆனால் அதிர்வெண் ஏற ஏற அந்தத் திறன் குறையும். அதனால் அடாப்டரின் இரைச்சல் 7805ஐத் தாண்டியும் கொஞ்சம் கசியலாம். பேட்டரியில் மறைந்த அகலப் பட்டைகள் அடாப்டரில் திரும்ப வந்தால், வயரை ஃபெரைட் வளையத்தில் மூன்று சுற்று சுற்றி, வளையத்தைக் கன்சோல் பக்கமாக வையுங்கள். அதற்கும் மசியாத அடாப்டரை மாற்றிவிடுவதே நல்லது. ஜப்பானிய மூல அடாப்டர் கிடைத்தால் மகிழ்ச்சிதான், ஆனால் அது 100 வோல்ட்டுக்கானது. நம் சுவரின் 230இல் நேராகச் செருகினால் எரிந்துவிடும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இடையில் இருந்தே ஆக வேண்டும்.

அடுத்து இருட்டுக் காட்சிகளின் படபடப்பு. மின்சார ஹம் கலந்தால் அகலமான கிடைப்பட்டை மெதுவாக மேலே ஏறும் என்று எங்கும் எழுதியிருப்பார்கள். ஐரோப்பாவின் பால் (PAL) டிவி முறைக்கான கன்சோலாக இருந்தால் இங்கும் அப்படித்தான் தெரியும். அது வினாடிக்கு 49.7 முறை திரையை நிரப்புகிறது, நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், வித்தியாசம் 0.3 மட்டுமே, எனவே பட்டை மூன்று வினாடிக்கு ஒருமுறை சோம்பலாகத் திரையைக் கடக்கும். உங்களுடையதோ 59.92. அதற்கும் 50க்கும் இடையே சுமார் 10. பட்டை வினாடிக்குப் பத்து முறை இடம் மாறினால் கண்ணுக்குப் பட்டையாகத் தெரியாது, துடிப்பாகத்தான் தெரியும். ஜப்பானிய கன்சோலைச் சிங்கப்பூரில் ஓட்டும் பலர் இதை ஹம் என்று அடையாளம் காணாமல், எங்கோ இணைப்பு லூஸ் என்று நினைத்து சோல்டரை மறுபடி மறுபடி உருக்குகிறார்கள்.

உங்கள் வீட்டில் இது நுழையும் கதவு ஹெட்போன் துளை என்று நினைக்கிறேன். முதல் மாடலில் படமும் ஒலியும் வெளிவரும் பின்பக்க ஏவி துளையில் ஒலி மோனோதான். ஸ்டீரியோ வேண்டுமென்றால் முன்பக்கத் துளையிலிருந்துதான் எடுக்க வேண்டும். அதில் தவறில்லை. ஆனால் ஆம்பிளிஃபயர் மூன்று முள் பிளக்கில் எர்த் ஆகியிருக்கும். டிவியின் பின்னால் சுவரிலிருந்து வரும் பழைய ஆண்டெனா வயர் இன்னும் செருகியிருந்தால், அதன் உறை கட்டடத்தின் எர்த்தோடு சேரும். ஆம்பிளிஃபயர், கன்சோல், டிவி, ஆண்டெனா, மறுபடி எர்த் என்று ஒரு வட்டம் மூடிக்கொள்கிறது. அதில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் காம்போசிட் வயரின் கிரவுண்ட் உறை வழியாகப் போகும்போது ஏற்படும் சிறு மின்னழுத்தம் படத்தோடு கூடிக்கொள்கிறது.

விளையாட்டை இருட்டான காட்சியில் நிறுத்தி, ஹெட்போன் துளையின் வயரை உருவுங்கள். துடிப்பு நின்றால் இதுதான். ஆண்டெனா வயரைப் பிடுங்கிவிட்டு, ஹெட்போன் துளையின் வயரை மறுபடி செருகிப் பாருங்கள். பலருக்கு அதிலேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் 3.5 மில்லிமீட்டர் துளைக்கான ஒலி ஐசொலேட்டர் ஒன்றை, உள்ளே ஒன்றுக்கு ஒன்று டிரான்ஸ்ஃபார்மர் உள்ளதாகப் பார்த்து, இடையில் போடுங்கள். ஆம்பிளிஃபயரின் எர்த் முள்ளைத் துண்டிக்கும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். படம் தெளிவாகும், ஆனால் ஒரு கோளாறு வந்தால் ஆம்பிளிஃபயரின் உலோகப் பெட்டி 230 வோல்ட்டில் நிற்கும், அதே வயர் வழியாக உங்கள் கன்சோலும் நிற்கும்.

செங்குத்துக் கோடுகளுக்கு வருவோம். இதில்தான் பொறுமை வேண்டும். அசையாமல் நிற்கும் கோடு என்றாலே அது கன்சோலின் சொந்த கடிகாரத்திலிருந்து வருகிறது என்று பொருள். வெளி இரைச்சல் எதுவும் அத்தனை கச்சிதமாகத் திரையோடு தாளம் போடாது. மெகா டிரைவின் மூலக் கடிகாரம் 53.69 மெகாஹெர்ட்ஸ். ஒரு கிடைக்கோட்டுக்கு அதில் சரியாக 3,420 துடிப்பு. நிறத்தைச் சுமக்கும் 3.58 மெகாஹெர்ட்ஸ் சப்கேரியர், அதே கடிகாரத்தை 15 ஆல் வகுத்துக் கிடைப்பது. 3,420ஐ 15 ஆல் வகுத்தால் 228, மிச்சமில்லாத முழு எண். அதனால் சப்கேரியர் வீடியோ வழியில் கசிந்தால் ஒவ்வொரு கோட்டிலும் அதே இடத்தில் விழுந்து, கோட்டின்மேல் கோடாக அடுக்கிச் செங்குத்தாக நிற்கும்.

இந்தக் கசிவு தொழிற்சாலையிலிருந்து வந்தபோதே கொஞ்சம் உண்டு. முதல் மாடலுக்குள்ளேயே போர்டின் பதிப்புக்குப் பதிப்பு அளவு வேறுபடும், ஏனென்றால் கடிகாரத் தடம் வீடியோ தடத்துக்கு எவ்வளவு அருகில் ஓடுகிறது என்பதைப் பொறுத்தது அது. முழுவதும் ஒழிப்பேன் என்று இறங்க வேண்டாம். பழுதுபார்த்தபின் கூடியிருக்கிறதே, அந்தக் கூடுதல் மட்டும் உங்கள் கையால் வந்தது, அதை எடுத்துவிடலாம்.

முதலில் சந்தேகப்பட வேண்டியது துளைகளை. பழைய கெப்பாசிட்டரை இழுக்கும்போது சோல்டர் முழுதாக உருகாமல் இருந்தால், துளையின் உட்சுவரில் பூசிய செம்பும் காலோடு உருவிக்கொண்டு வந்துவிடும். போர்டின் இரு பக்கத்தையும் இணைப்பது அந்தச் சுவர்தான். கிரவுண்ட் துளைகளில் இது நடப்பது எளிது; பெரிய செம்புப் பரப்பு சூட்டை இழுத்துக்கொள்வதால் சோல்டர் உருகத் தாமதமாகும், நாம் அவசரப்பட்டு இழுப்போம். கீழ்ப்பக்கம் பளபளவென்று சோல்டர் பிடித்திருக்கும், மேல்பக்க கிரவுண்டோ துண்டாகியிருக்கும். மின்சாரம் சுற்றுவழியாகப் போய்ச் சேரும், கன்சோலும் ஓடும். ஆனால் கெப்பாசிட்டர் தன் வேலையைச் செய்யாது.

கன்சோலை அணைத்து, அடாப்டரைப் பிடுங்கி, மீட்டரை 200 ஓமில் வையுங்கள். இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அதைக் கழிக்க வேண்டும். பிறகு நீங்கள் மாற்றிய ஒவ்வொரு கெப்பாசிட்டரின் மைனஸ் காலையும் போர்டின் மேல்பக்கத் தடத்தோடும் கீழ்ப்பக்கத் தடத்தோடும் தனித்தனியே சோதியுங்கள். ஒரு ஓமுக்கு மேல் காட்டும் கால் எதுவானாலும் அங்கே ஒரு மெல்லிய வயரால் இரு பக்கத்தையும் தைத்துவிடுங்கள். பிளஸ் கால்களுக்கும் அதேபோல்.

மீட்டர் எல்லாம் சரி என்று சொன்னாலும் இன்னொரு சோதனை மீதமுண்டு. வீடியோ என்கோடரின் கிரவுண்ட் காலிலிருந்து ஏவி துளையின் கிரவுண்டுக்கு, ஒரு விரல் நீளத்துக்கு மேல் போகாத தடித்த வயரைத் தற்காலிகமாகச் சோல்டர் செய்து, வெறும் நீல வானக் காட்சியைப் பாருங்கள். கோடுகள் மங்கினால் கிரவுண்ட் பாதைதான் குறை. பிறகு என்கோடரின் 5 வோல்ட் கால்களுக்கும் அதன் பக்கத்துக் கிரவுண்டுக்கும் இடையே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக், கால்களை முடிந்தவரை குட்டையாக வெட்டி வையுங்கள். எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் எவ்வளவு புதிதானாலும் 3.58 மெகாஹெர்ட்ஸில் அதற்குக் கை நீளாது. அந்த வேலை செராமிக்குடையது.

சோல்டர் நன்றாக ஒட்டத் தடவும் ஃபிளக்ஸையும் மறக்காதீர்கள். ஈரப்பதம் எப்போதும் கூடுதலாக இருக்கும் ஊர் இது. போர்டில் விட்டுவைத்த ஃபிளக்ஸ் ஈரத்தை உறிஞ்சி, நெருக்கமான தடங்களுக்கு இடையே கசிவுப் பாலம் போட்டுவிடும். நீரில் கழுவும் வகை ஃபிளக்ஸ் மிக மோசம். பழைய கெப்பாசிட்டரிலிருந்து ஒழுகிய திரவமும் அப்படியே. 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை மென்மையான பிரஷால் தேய்த்து, கரைந்ததை டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். ஒற்றாமல் விட்டால் ஓரிடத்து அழுக்கு போர்டு முழுக்க மெல்லிய படலமாகப் பரவுமே தவிரப் போகாது. இரண்டு மூன்று முறை செய்து, மின்விசிறிக் காற்றில் அரைமணி நேரம் காயவிட்டபின் மின்சாரம் கொடுங்கள்.

உலோகக் கவசத் தகட்டைத் திரும்ப மாட்டினீர்களா? கடிதத்தில் அதைப் பற்றிச் சொல்லவில்லை. சூடு குறையட்டும் என்று அதைக் கழற்றிப் போடுபவர்கள் உண்டு. அது வெளி ரேடியோ அலைக்கு மட்டுமான மூடி அல்ல, போர்டின் கிரவுண்டைப் பல இடங்களில் சேர்த்துக் கட்டும் தகடும் கூட. எல்லா ஸ்குரூவும் வேண்டும், அவை அமரும் இடங்களில் துரு இருந்தால் துடைக்க வேண்டும். மாட்டும் முன் போர்டின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கால்களை 2 மில்லிமீட்டருக்குக் குறைவாக நறுக்குங்கள், புதிய கெப்பாசிட்டர்கள் பழையதைவிட உயரமாக இருந்து தகட்டில் இடிக்கிறதா என்றும் பாருங்கள்.

இதே நேரத்தில் நீங்கள் போட்ட மதிப்புகளையும் ஒருமுறை சரிபார்த்துவிடலாம். 22ம் 220ம் மாறுவது சகஜம். வீடியோ வெளியேறும் வழியில் வரிசையாக நிற்கும் கெப்பாசிட்டர் வழக்கமாக 220 மைக்ரோஃபாரட். 75 ஓமும் 75 ஓமும் சேர்ந்த பாதையில் அது 5 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதை விடும். அந்த இடத்தில் 22 விழுந்தால் எல்லை 48 ஹெர்ட்ஸுக்கு ஏறி, திரையின் மேலும் கீழும் வெளிச்சம் வேறுபடும், வெள்ளைக் காட்சி வந்தால் படம் ஆடும்.

அருவியின் வானவில் நிறத்தை விட்டுவிடுங்கள். பழுது அல்ல அது. 1991ல் வந்த சோனிக் தி ஹெட்ஜ்ஹாக்கின் முதல் கட்டத்து அருவிகள் ஒன்றுவிட்டு ஒன்று நிறமேற்றிய செங்குத்துப் புள்ளி வரிசைகளால் ஆனவை. காம்போசிட் வயரில் அவை குழைந்து ஒளி ஊடுருவும் நீர்போலத் தெரியும். ஆனால் அத்தனை நெருக்கமான வரிசையை டிவி நிறத் தகவல் என்றும் தவறாகப் படித்துவிடுகிறது. ஜப்பானும் அமெரிக்காவும் பயன்படுத்திய என்டிஎஸ்சி டிவி ஒளிபரப்பு முறையில் ஒரு கோட்டுக்கு 227.5 சப்கேரியர் சுழற்சி. அந்த அரை, தவறை அடுத்தடுத்த கோட்டில் திருப்பிப் போட்டுக் கண்ணுக்கு மறைத்துவிடும். மெகா டிரைவின் 228இல் அந்த அரை இல்லை, அதனால் நிறப்பட்டை நின்றுவிடுகிறது. எந்தக் கெப்பாசிட்டரும் இதை மாற்றாது.

இது வேண்டவே வேண்டாம் என்றால், சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாக அனுப்பும் ஆர்ஜிபிக்குப் போக வேண்டும். ஐரோப்பாவில்போல, ஆர்ஜிபியை ஏற்கும் ஸ்கார்ட் துளை உள்ள டிவி இங்கே பழக்கத்தில் இல்லாததால், ஆர்ஜிபியைக் கம்போனன்டாக மாற்றும் பெட்டியோ, 240 வரிப் படத்தைச் சரியாகப் புரிந்துகொண்டு பெரிதாக்கும் அப்ஸ்கேலரோ இடையில் வேண்டும். மெகா டிரைவுக்கான ஆர்ஜிபி வயரில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றிலும் 220 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்கள் இருக்கின்றனவா என்று கேட்டு வாங்குங்கள். இனி ஆர்ஜிபி மட்டும்தான் என்று முடிவெடுத்துவிட்டால், என்கோடருக்குள் சப்கேரியர் நுழையும் காலைத் துண்டித்துச் செங்குத்துக் கோடுகளைப் பெருமளவு போக்கலாம். அதன்பின் காம்போசிட்டில் படம் கறுப்பு வெள்ளையாகத்தான் வரும் என்பதைத் தெரிந்தே செய்யுங்கள். வானவில் போனதும் அருவியும் தனித்தனிக் கோடுகளாகப் பிரிந்து தெரியும். சிலருக்கு அது பிடிப்பதில்லை.

வாங்கி வைத்திருக்கும் என்கோடர் சில்லு எப்போது தேவைப்படும் என்றால்: ஆர்ஜிபி வயரை மாற்றிப் பார்த்தும் மூன்று நிறங்களில் ஒன்று வராமலே இருந்தால், ஆர்ஜிபி நன்றாக இருந்து, சப்கேரியர் காலில் சிக்னலும் வந்து, காம்போசிட்டில் மட்டும் நிறமே இல்லாவிட்டால், அல்லது 5 வோல்ட் சரியாக இருந்தும் சில்லு விரல் வைக்க முடியாத அளவு கொதித்தால். இந்த மூன்றில் எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை. சில்லை அதன் டப்பாவிலேயே வைத்துவிட்டு, நாளை இரண்டு 7805ம் ஒரு சிறு குழாய் வெப்பப் பசையும் வாங்கி வாருங்கள்.